இஞ்சின் குடிக்கும் காற்று

"ஒரு கூடை வேப்பங்கட்டை போதும் அத்தான். இந்த இஞ்சின் யமுனையவே உறிஞ்சி நம்ம எட்டாவது மாடிக்கு ஏத்திரும்," என்றாள் காந்திமதி. "மிச்சக் கட்டையில ஆக்ராவையும் நனைச்சிரலாம்."

வைத்தி நம்பவில்லை. கொழுந்தியாளை நம்பிக் கெட்டவர் அவர். கல்யாணத்தன்று, பாயசத்தில் உப்புப் போடவே இல்லை என்று சத்தியம் செய்து குடிக்க வைத்தவள் அல்லவா.

தில்லி துவாரகாவில் அவர்கள் குடியிருப்பின் பின்பக்கம், தோட்டத்து பம்ப்புக்குப் பக்கத்தில் அந்தப் பூதம் நின்றது. பழைய எண்ணெய் டிரம்மில் அவளே கட்டிய அடுப்பு. மரத்துண்டுகளைக் குறைந்த காற்றில் புழுங்கவிட்டால் எரியக்கூடிய வாயு வரும். பெட்ரோலுக்குப் பதில் அதைக் குழாய் வழியே இஞ்சினுக்குக் கொடுப்பாளாம். இன்று ஓடாவிட்டால் டிரம் பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரனுக்கு என்று குடியிருப்புக் கமிட்டி சொல்லிவிட்டது. ஓடியதா என்று சொல்ல வேண்டியவர் வைத்தி. ரயில்வே டீசல் ஷெட்டில் யானை யானையாய் நின்ற இஞ்சின்களுக்கு நாடி பிடித்து ஓய்வு பெற்றவர்.

அவர் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். இருநூறு சிசி, நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று. ஆக, நிமிடத்துக்கு அறுநூறு லிட்டர் வாயு. டிரம்மில் காற்று நுழைய அவள் போட்டிருந்த துளைகளிலோ எறும்பே ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

"மூச்சு முட்டிச் செத்துரும்," என்றார் நிம்மதியாக.

காந்திமதி ஹேர் டிரையரால் அடுப்பை ஊதினாள். கயிற்றை இழுத்தாள். இஞ்சின் ஓடியது. தண்ணீர் பாய்ந்த பாய்ச்சலில் ரோஜாச் செடிகள் ஹரியானா எல்லைக்கே போயிருக்கும். வேர்தான் பிடித்து வைத்தது.

வைத்திக்குச் சந்தேகம் தலைக்கேறியது. பெட்ரோல் குழாயைப் பிடுங்கினார், ஓடியது. டாங்கைக் கவிழ்த்தார், ஒட்டடைதான் விழுந்தது. சிலிண்டர் ஒளிந்திருக்கிறதா என்று புதரெல்லாம் முகர்ந்ததில் காவல் நாய்க்கே வேலை போய்விடும் போலிருந்தது. கடைசியில், வாயுக் குழாய் இஞ்சினைத் தொடுமிடத்தில் திறந்திருந்த ஒரு ஓட்டை 'உஸ்' என்று எதையோ இழுப்பதைக் கண்டார். மாட்டினாள் என்று கட்டைவிரலால் அடைத்தார்.

இஞ்சின் இருமிச் செத்தது.

"பாதி உயிர அடைச்சிட்டீங்களே அத்தான். அது உறிஞ்சறதுல பாதி வெறுங்காத்து. வாயுவோட கலந்தாத்தான் எரியும்."

வைத்தி சாக்பீஸ் கணக்கைப் பார்த்தார். ஆயுள் முழுக்க அவர் பார்த்த டூ-ஸ்ட்ரோக் டீசல் இஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் மூச்சிழுக்கும். இந்தக் குட்டியோ இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. அறுநூறு முந்நூறாயிற்று. அதில் பாதிதான் வாயு; நூற்றைம்பது. அந்த வாயுவிலும் ஒரு பங்கு மரத்திலிருந்தே வருவது. எறும்புத் துளைகள் போதும்.

ஆனாலும் விடவில்லை. காந்திமதியைத் தள்ளிப்போய் வேப்பமரத்தடியில் கை கட்டி நிற்கச் சொன்னார். ஓட்டையை முழுசாய்த் திறந்துவிட்டுத் தானே கயிற்றை இழுத்தார். அவர் கையிலேயே ஓடியது.

தண்ணீரில் செருப்பு மிதக்க, கமிட்டிச் செயலாளர் அர்விந்த் வந்து நின்றான். கபாடிக்காரன் வாசலில் நிற்கிறானாம்.

"அங்கிள், சச் சொல்லுங்க. நெசமாவே மரத்துலயா ஓடுச்சு?"

வைத்தி வேப்பமரத்தடியைப் பார்க்காமல் சொன்னார்.

"ஓடுச்சுப்பா. அவனப் போகச் சொல்லு."