ஒரு விரல் உயரம்

தென்னேரி தீபிகா ஆடி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் தரைக்கு ஒரு விரல் உயரத்தில் நடக்க ஆரம்பித்தாள். அன்றைக்கே அவளுடைய கால் வலியும் நின்றுவிட்டது. செவிலிமேட்டில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, விளையாட்டுக்காரர்கள் எப்படிக் காலை ஊன்றினால் அடிபடாது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஜெபகுமாரின் குழுவுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. அவர்கள் தரையில் ஒரு பலகை பதித்திருந்தார்கள். மிதித்தால் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று அது காட்டும். கால் வலிக்காக அங்கே சேர்ந்த தீபிகா வாராவாரம் போன வாரத்தைவிட மெதுவாக மிதிக்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. எங்கே நிறுத்துவது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அவர்கள் படிப்பில் அழுத்தம் குறையக் குறைய நல்லது. குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் பலகை பூஜ்யம் காட்டியதும் எல்லோருக்கும் கேக் வெட்டினார்கள்.

தீபிகா நடைப்போட்டிக்காரி. ஏரிக்கரையில் விடியற்காலையில் இடுப்பை ஒடித்து ஒடித்து நடந்து பழகியவள். மாநிலப் போட்டியில் ஒரு பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு வரும் பங்குனியோடு முடிகிறது. அவளுடைய அம்மா பூவம்மாள், வேலை கிடைத்தால் மகளோடு பெருமாள் கோயிலில் அடிப்பிரதட்சிணம் வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். மகள் உயர்ந்ததை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டவுன் பஸ் கண்டக்டரும் ஒன்றும் கேட்கவில்லை, பெண்களுக்கு எப்படியும் காசில்லை. மழை நாளில் அவள் காலில் மட்டும் சேறு ஒட்டாததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறாமைகூட வந்தது.

வினை புரட்டாசியில் வந்தது. நடைப்போட்டியில் எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், அதை நடுவர் வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. மாவட்டப் போட்டியில் தலைமை நடுவர் மாணிக்கவேல் ரோட்டோரம் குனிந்து பார்த்தார். தீபிகாவின் காலடி நிழல் தனியாகவும் கால் தனியாகவும் போவதைக் கண்டார். சிவப்பு அட்டையைத் தூக்கிவிட்டார். மாணிக்கவேல் நேர்மையான மனிதர், சொந்தத் தம்பி மகனுக்கே அட்டை காட்டியவர். ஆள் கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் அம்மாவும் மகளும் செவிலிமேட்டுக்குப் போய் நின்றார்கள்.

“எறக்கி வுடுங்க சார். கால் ஒடிஞ்சாலும் பரவால்ல, எனக்குத் தரை வேணும்” என்றாள் தீபிகா.

“அடிப்பிரதட்சிணம் வேண்டிக்கினு கீறேன்பா. காலே படலன்னா சாமி எப்படி ஏத்துக்கும்?” என்று பூவம்மாள் அழுதாள்.

ஜெபகுமாருக்கும் மனசு கேட்கவில்லை. அழுத்தத்தைக் கூட்ட அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவுக்கு எழுதினார். நலமாக இருக்கும் ஒருவருக்கு வலி உண்டாக்க அனுமதி இல்லை என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல் ஜெபகுமாரின் ஆட்கள் அவளை அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். அம்மிக்கல்லும் சேர்ந்து மிதந்ததே தவிர அவள் இறங்கவில்லை. அன்று தீபிகா அம்மிக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு நேரமும் அவளும் நாற்காலிக்கு ஒரு விரல் மேலேதான் இருந்தாள்.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வெயிலில் தார் ரோட்டில் நின்று நின்று மாணிக்கவேலுக்கு இரண்டு முழங்காலும் போயிருந்தன, மாவட்டத்துக்கே தெரிந்த சங்கதி. மாநிலப் போட்டிக்கும் அவர்தான் தலைமை நடுவர். அவர் வீட்டுக்கே போனாள்.

“சார், செவிலிமேட்ல காசு வாங்காம மூட்டு வலி பாக்குறாங்க. நீங்களும் வாங்க.”

“அட்டை காட்னவன் மேல கோவம் இல்லியாம்மா?”

“இருக்குது சார். அதுக்காக நீங்க நொண்டிக்கினே இருக்கணுமா?”

அவள் சொன்னது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. ஆராய்ச்சியில் சேர்க்க வயதானவர்களும் வேண்டும் என்று தேடி, கிடைக்காமல் திண்டாடிய ஜெபகுமார் அவரை வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். வாராவாரம் மெதுவாக மிதித்து, மார்கழி முடிவதற்குள் மாணிக்கவேலும் ஒரு விரல் உயர்ந்தார். வலி போன சந்தோஷத்தில் அவர் கீழே பார்க்கவே இல்லை.

தை மாதம் மாநிலப் போட்டி. முந்தைய ஆண்டு நடந்த நேரத்தை வைத்து தீபிகாவுக்கு அதில் இடம் கிடைத்திருந்தது. கடைசிச் சுற்றில் தீபிகா முன்னால் வர, பின்னால் வந்தவளின் பயிற்சியாளர் கூச்சல் போட்டார். மாணிக்கவேல் சட்டைப்பைக்குள் கையை விட்டு, அட்டையைப் பிடித்தபடி நன்றாகக் குனிந்தார். பூவம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் முதலில் தன் பாதத்தைப் பார்த்தார், பிறகு அவள் பாதத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. தான் ரோட்டில் நிற்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

“கால் படுதும்மா, போ!” என்றார், வெறுங்கையை வெளியே எடுத்து.

சித்திரையில் வேலைக்கான உத்தரவு வந்தது. ஒரு பகல் பூஜை முடிந்த நேரத்தில் பூவம்மாளும் தீபிகாவும் பெருமாள் கோயில் பிராகாரத்தில் அடிமேல் அடி வைத்து வந்தார்கள். கருங்கல் கொதித்தது. பூவம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கால் மாற்றி மாற்றி வைத்தாள், தீபிகா நிதானமாக வந்தாள். முழங்காலுக்கு நன்றி சொல்ல வந்த மாணிக்கவேல் நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தார். சாமி ஏற்றுக்கொள்ளுமா என்று பூவம்மாள் அர்ச்சகரிடம் கேட்டதற்கு, பெருமாளே தோள் மேல்தானே புறப்பாடு போகிறார் என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். பிராகாரம் பெருக்கிக்கொண்டிருந்த கங்கையம்மாள் பூவம்மாளை மட்டும் ஒதுங்கச் சொன்னாள். மற்ற இரண்டு பேரின் காலடியில் துடைப்பத்தை விட்டு, அங்கே கிடந்த துளசியையும் சேர்த்துப் பெருக்கிக்கொண்டு போனாள்.