கீறல் விழுந்த குட்டி

09.07.2024, செவ்வாய்.
இன்று வகுப்பில் ஒரு சிறு தவறு. ஆட்டுக்குட்டி கதை சொல்லும்போது கம்பெனி வார்த்தை ஒன்று வாயில் வந்துவிட்டது. "கீறல் விழுந்தால் ரிஜெக்ட்" என்று சொல்லிவிட்டேன். கதை சொல்லும்போது கதைக்கு உரிய சொல்தான் வர வேண்டும். இனிக் கவனமாக இருக்கிறேன். ஆனால் பிள்ளைகள் நன்றாகச் சிரித்தார்கள். வகுப்பு தொடங்கியதிலிருந்து இப்படிச் சிரித்ததில்லை. நாளை: காக்கை கதை. நீதி: பகிர்ந்து உண்ணுதல்.

எழுதி முடித்து, ஸ்கேல் வைத்து அடியில் ஒரு கோடு போட்டாள் ஜெமி. பிறகு எழுதியதை மறுபடி படித்தாள். "சிரித்தார்கள்" என்ற சொல்லின் மேல் கண் கொஞ்ச நேரம் தங்கியது.

ஆம்பூரில் அவள் இருப்பது மாடியில் ஒற்றை அறை. இரண்டு கட்டில்கள். இரண்டாவது கட்டிலில் படுத்த அமிர்தவள்ளி வைகாசியில் கல்யாணமாகிச் சோளிங்கர் போய்விட்டாள். வேறு ஆள் வரவில்லை. வெறும் கட்டிலைப் பார்க்கப் பிடிக்காமல் ஜெமி தன் துணிகளை மடித்து அதன் மேல் பரப்பி வைத்திருந்தாள். சொந்த ஊரான அணைக்கட்டிலிருந்து அம்மா தினமும் போனில் கூப்பிடுவாள். "சாப்ட்டியா?" "சாப்ட்டேம்மா." "கதவத் தாப்பா போட்டுக்கோ. வெக்கிறேன்." அவ்வளவுதான் பேச்சு.

பகலில் ஷூ கம்பெனியில் லெதர் செக்கிங். மேசை மேல் தோலை விரித்து, கையால் தடவி, முள் கிழித்த தடமோ உண்ணி கடித்த புள்ளியோ இருந்தால் வெள்ளி நிறப் பேனாவால் வட்டம் போட வேண்டும். வட்டங்கள் அதிகமானால் அந்தத் தோல் ரிஜெக்ட். மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. சூப்பர்வைசர்கூட விரலைக் காட்டித்தான் கேட்பார். அதனால் சாயங்காலம் சர்ச் பக்கத்து அறையில் அவள் கதவைத் திறந்ததும் பிள்ளைகள் "ஜெமி மிஸ், ஜெமி மிஸ்" என்று கத்திக்கொண்டு வருவார்களே, அப்போதுதான் அன்று முதல்முறையாக அவள் பெயர் அவள் காதில் விழும்.

ஐந்திலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகள். அப்பாவோ அம்மாவோ, பல வீடுகளில் இருவருமே, ஷூ கம்பெனிகளில் வேலை. ஓவர்டைம் முடித்து அவர்கள் வீடு திரும்பும்வரை பிள்ளைகள் தெருவில் திரியாமல் இருக்கத்தான் சர்ச்சில் இந்த மாலை வகுப்பை வைத்தார்கள். கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு, கடைசியில் மிருகக் கதை ஒன்று. சர்ச்சில் நடந்த பயிற்சியில் ஜெமிக்குச் சொல்லிக்கொடுத்த முறை சுலபமானது: ஒரு மிருகம், அது செய்த தப்பு, அதிலிருந்து வரும் நீதி. தனக்குக் கதை சொல்லும் திறமை இல்லை என்று ஜெமிக்குத் தெரியும். அதனால் முந்தின நாளே மூன்று கட்டம் போட்டு மூன்றையும் நிரப்பி வைத்துக்கொள்வாள். கட்டங்களுக்கு வெளியே போகமாட்டாள்.

செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் இருந்தது ஓர் ஆட்டுக்குட்டி. வேலியைத் தாண்டாதே என்று அம்மா ஆடு சொல்லியும் கேட்காமல் தாண்டுகிறது. முள்கம்பி முதுகைக் கிழித்துவிடுகிறது. பெரியோர் சொல் கேட்க வேண்டும், இது நீதி. சொல்லிவிட்டு, நீதியை எழுத அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது பின்னால் ஒரு குரல், "அப்புறம் அந்தக் குட்டி இன்னா ஆச்சு மிஸ்?" என்று கேட்டது. கட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. பகல் முழுதும் நின்ற கால் வலித்தது. "இன்னா ஆகும்? கீறல் விழுந்தா ரிஜெக்ட்தான்" என்றாள் எழுதிக்கொண்டே.

அறையே வெடித்தது. அந்த வார்த்தை தெரியாத பிள்ளை அங்கே ஒன்றுகூட இல்லை. வீட்டில் சோறு தின்னும்போது கேட்கிற வார்த்தை அது. யாரோ ஏதோ சொல்ல, மறுபடி வெடித்தது. இன்னும் பெரிய சிரிப்பு. தான் ஒரு வேடிக்கை சொல்லி அதற்கு இத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்பது ஜெமிக்குப் புதிது. சாக்பீஸ் கையோடு திரும்பி அவளும் சிரித்தாள்.

மறுநாள் காக்கை கதைக்குத் தபஸ்ஸும் வரவில்லை.

தபஸ்ஸும் முதல் வரிசையில், கதவை ஒட்டி உட்காருகிற ஆறு வயதுப் பெண். இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் சுருங்கி மினுமினுக்கும். போன வருஷம் நோன்புக் கஞ்சி கொட்டிய தழும்பு. அதிகம் பேசமாட்டாள். ஆனால் கதை நேரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு வாயை லேசாகத் திறந்தபடி கேட்பாள். பேச்சு எங்கே தடுமாறினாலும் ஜெமி அந்த முகத்தைப் பார்த்துத்தான் தொடருவாள். புதன்கிழமை அந்த இடம் காலியாக இருந்ததால் காக்கை இரண்டு முறை தடுமாறியது.

வியாழக்கிழமையும் காலிதான்.

"தபஸ்ஸுமுக்கு உடம்பு சரியில்லையா? யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள் ஜெமி.

"அது வராது மிஸ்" என்றான் நெல்வின். ஏழு வயது, வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் முதலில் கை தூக்குகிறவன்.

"ஏன்டா?"

"அதான் ரிஜெக்ட் ஆய்டுச்சே!"

நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"யாரு அப்டி சொன்னது?"

"நான்தான் மிஸ் மொதல்ல சொன்னேன்." அவன் குரலில் ஒளிவுமறைவு இல்லை, பெருமைதான் இருந்தது. "கீறல் விழுந்தா ரிஜெக்ட்னு சொன்னீங்க இல்ல? அப்ப தபஸ்ஸும் டபுள் ரிஜெக்ட்னேன். அல்லாரும் சிரிச்சாங்க. நீங்ககூட சிரிச்சீங்களே மிஸ்."

ஜெமிக்குக் காது இரண்டும் சுட்டன. "நான் அதுக்குச் சிரிக்கலடா."

"அப்ப எதுக்குச் சிரிச்சீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை அவன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பதினைந்து முகங்களும் அவளைப் பார்த்தன. அவள் கரும்பலகைத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்டியெல்லாம் யாரையும் சொல்லக் கூடாது" என்றாள் கடைசியில். "அந்தக் குட்டியோட கதை இன்னும் முடியல. அதுக்கு முதுகுல தழும்பு இருந்துச்சு இல்ல? அதைப் பாத்துட்டு மத்த ஆடெல்லாம், அடேயப்பா, இது எவ்ளோ தைரியமான ஆடுன்னு சொல்லி அதையே தலைவர் ஆக்கிட்டாங்க."

பிள்ளைகள் யோசித்தார்கள். ஜெபகனி என்ற சின்னப் பெண் கேட்டாள்: "அப்ப வேலி தாண்டலாமா மிஸ்?"

"இல்ல... தாண்டக் கூடாது."

"தாண்டினாதானே தலைவராவும்?"

"சும்மா சொல்றாங்க மிஸ்ஸு" என்று நெல்வின் ஜெபகனிக்கு விளக்கினான். "கம்பெனில அதை எடுக்கவே மாட்டாங்க. எங்கம்மா தோல் கட்டிங்லதான் கீது. வேணா கேட்டுப் பாரு."

அன்று கரும்பலகையில் நீதி எதுவும் எழுதாமலே ஜெமி வகுப்பை முடித்தாள்.

மசூதித் தெருவை அவள் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாள், நடந்ததில்லை. இரண்டு முறை விசாரித்துத்தான் தபஸ்ஸுமின் வீட்டைக் கண்டுபிடிக்க முடிந்தது. பச்சைத் திரை தொங்கும் வாசலில் நின்று எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தாள். திரும்பிப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்றும் யோசித்தாள். அதற்குள் திரை விலகியது. தபஸ்ஸுமின் அம்மா முபஷ்ஷிரா. கையெல்லாம் கோதுமை மாவு.

"யாரு வேணும்?"

"நான் மாலை வகுப்புல... ஜெமி."

"ஐயோ, ஜெமி மிஸ்ஸா! உள்ள வாங்க. வெளியவே நிக்கிறீங்களே, நல்லா இருக்குது போங்க."

ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு. நடுவில் இன்னொரு திரை. முபஷ்ஷிரா ஒரு நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டாள். அவளும் இப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியிருப்பாள் போல. அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

"நானே வரணும்னு இருந்தேன். ரெண்டு நாளா வயித்தவலின்றா. மதரஸாவுக்கு ஓடுறா, ஸ்கூலுக்கு ஓடுறா, உங்க கிளாஸ் நேரம் வந்தா மட்டும் வயித்தவலி. இன்னா பேஜாரோ தெரியல. உங்க கதைன்னா அவளுக்கு உசுரு, தெரியுமா? அம்மி, இன்னிக்கி நரி இப்டி பண்ணுச்சு, அம்மி, குரங்கு அப்டி பண்ணுச்சுன்னு என்னைத் தூங்கவே விடமாட்டா." முபஷ்ஷிரா சிரித்தாள். "ஒருவேளை பாடம் ஜாஸ்தியா கொடுத்துட்டீங்களோ?"

ஆமாம் அக்கா, பாடம் கொஞ்சம் ஜாஸ்திதான், நாளையிலிருந்து கம்மி பண்ணிடுறேன். அப்படிச் சொன்னால் முடிந்துபோகும். ஒரு டீ குடித்துவிட்டு எழுந்து போகலாம். அந்தப் பதிலை ஜெமி வாய்வரைக்கும் கொண்டுவந்தாள்.

"பாடம் இல்லக்கா" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஆட்டுக்குட்டி, தன் வாயில் வந்த வார்த்தை, பிள்ளைகள் அதைத் தபஸ்ஸுமின் மேல் ஒட்டியது. கடைசியாக, "அப்ப நானும் சிரிச்சேன்" என்றாள்.

முபஷ்ஷிரா அடுப்பை அணைத்தாள். கை மாவை மெதுவாக உருட்டி உருட்டி எடுத்தாள்.

"பசங்க சொல்றது எங்களுக்குப் புதுசில்ல. கல்யாண வீட்டுக்குப் போனா பெரியவங்களே, ஐயோ பொண்ணாச்சேன்னு அவ காதுபடவே பேசுவாங்க. அதையெல்லாம் நான் பாத்துக்குவேன். நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?"

அதே கேள்விதான். இந்த முறை மடிக்க ஒரு துணிகூட இல்லை.

"பசங்க இன்னா சொன்னாங்கன்னு காதுல விழலக்கா. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சொன்னதுக்குத்தான் சிரிக்கிறாங்கன்னு நெனச்சேன். சந்தோஷமா இருந்துச்சு." நிறுத்தினாள். மீதியைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "எனக்கு இங்க யாரும் இல்லக்கா. ரூமுக்குப் போனா பேச ஆளில்ல. அந்தப் பசங்க சிரிச்சா நானும் அவங்களோட இருக்கிற மாதிரி இருக்கும்."

முபஷ்ஷிரா கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். கோபம் தணிந்ததா இல்லையா என்று அந்த முகத்தில் தெரியவில்லை.

"கேட்டுட்டுச் சிரிச்சிருக்கலாம்" என்றாள்.

"ஆமாங்க்கா."

நடுத்திரை அசைந்தது. தபஸ்ஸும் அதற்குப் பின்னால்தான் அத்தனை நேரமும் நின்றிருக்கிறாள். திரையின் ஓரத்தை இழுத்துக் கன்னத்தை மறைத்துக்கொண்டு ஒரு கண்ணால் மட்டும் பார்த்தாள். வகுப்பில் அவள் ஒருநாளும் கன்னத்தை மறைத்ததில்லை.

"வா தபஸ்ஸும்" என்றாள் ஜெமி. அவள் வரவில்லை.

"மிஸ், அந்தக் குட்டி அப்புறம் இன்னா ஆச்சு?"

செவ்வாய்க்கிழமை பின்னால் கேட்ட குரல் இதுதான் என்று ஜெமிக்கு இப்போதுதான் உறைத்தது. குட்டி தலைவரான கதை நாக்கு நுனியில் வந்தது. அதை விழுங்கினாள்.

"எனக்குத் தெரியல. அதுவரைக்கும்தான் யோசிச்சு வெச்சிருந்தேன்."

"வேலிக்கு அந்தப் பக்கமே இருந்துச்சா?"

"இருக்காது. வீட்டுக்குத்தான் வந்திருக்கும்."

"மறுபடி வேலி தாண்டியா?"

ஜெமி யோசித்தாள். மறுபடி தாண்டினால் மறுபடி கிழிக்கும். "இல்ல. அவங்கம்மா தேடிக்கிட்டு வந்திருக்கும். சுத்திக்கிட்டு வர்ற வழி அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அடிச்சுச்சா?"

"வலிக்குதான்னு கேட்டிருக்கும்."

"மொதல்ல கேட்டுட்டு அப்புறமா திட்டிச்சு" என்று தபஸ்ஸும் திருத்தினாள். அடுப்புப் பக்கம் நின்ற முபஷ்ஷிரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி. அப்புறமா திட்டிச்சு."

"நெல்வின்கிட்ட இதைச் சொல்வீங்களா?"

"நாளைக்கே சொல்றேன். நீயும் வர்றியா?"

திரையின் ஓரம் இன்னும் கொஞ்சம் இழுபட்டது. வா என்று இன்னொரு முறை கேட்க ஜெமிக்கு மனசு அடித்துக்கொண்டது. முதல் வரிசையில் அந்த முகம் வேண்டும், அவளுக்காகவே வேண்டும். அதனாலேயே கேட்காமல் இருந்தாள்.

"நான் வரலேன்னாலும் சொல்லணும்" என்றது குரல். "நீங்க சிரிச்சதையும்."

"சொல்றேன்."

டீ கொடுத்தாள் முபஷ்ஷிரா. ஜெமி குடித்தாள். இருவரும் எந்தக் கம்பெனி, எந்த பஸ் என்று ஏதோ பேசினார்கள். வாசல்வரை வந்த முபஷ்ஷிரா, "பாத்துப் போங்க" என்றாள். நாளைக்கு அனுப்புகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. ஜெமியும் கேட்கவில்லை.

அறைக்கு வந்ததும் அம்மாவின் போன் வந்தது. "சாப்ட்டியா?" "இன்னும் இல்லம்மா." வழக்கமான பதில் வராததால் அம்மா கேட்டாள்: "ஏன், இன்னா ஆச்சு?" "ஒன்னும் இல்லம்மா. சாப்பிடப் போறேன்." "சரி. கதவத் தாப்பா போட்டுக்கோ." போனைக் கீழே வைத்துவிட்டு ஜெமி பேனாவை எடுத்தாள்.

11.07.2024, வியாழன்.
செவ்வாய்க்கிழமை எழுதியது சரியல்ல. தவறு வார்த்தையில் மட்டும் இல்லை. என்ன சொன்னார்கள் என்று கேட்காமல் சிரித்தேன். தபஸ்ஸும் வருவாளா என்று தெரியாது. நாளை: வகுப்பு தொடங்கியதும், எழுத்துக்கும் கணக்குக்கும் முன்னால், நான் சிரித்தது தப்பு என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.