குஞ்சுக் கூண்டு பல்பு

"கோழிக்குஞ்சுக்கு எதுக்கும்மா லைட்டு, அதுக்கும் இருட்டுன்னா பயமா?" என்று மகள் திரிஷா கேட்டது நாலு வயதில், அது இப்போது ஏன் ஞாபகம் வரவேண்டும்... வரத்தான் செய்யும், கைப்பேசியில் மறுபடியும் அந்த மெசேஜ், கரண்ட் பில் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது, நாளைதான் கடைசி நாள். பவுனு கம்பம் பஸ்ஸின் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். காமயகவுண்டன்பட்டி வீட்டை விட்டுத் தேனிக்குக் குடிவந்து எட்டு மாதம், அந்தப் பழைய வீட்டில் ஒரு ஸ்விட்சைக்கூட அவள் தொடுவதில்லை, பில் மட்டும் வழி தெரிந்து தேடி வருகிறது, ஒரே மீட்டரில் இரண்டு குடும்பமும் இருந்த காலத்தில் பதிந்த நம்பர், ஓரகத்தி பாண்டியம்மாளுக்கு மெசேஜ் படிக்க வராது என்று இவள்தான் பெரிய மனுஷியாட்டம் தன் நம்பரைக் கொடுத்தாள், அன்றைக்கு யாராவது கேட்டார்களா? மூன்று தடவை கட்டியாயிற்று. போன் போட்டால், "ஏத்தா பவுனு, ஒனக்குத்தான மெசேசு வருது, கட்டிப்போடு, அப்புறம் தாரேன்", அந்த அப்புறம் எந்த மாதத்தில் வருகிறதோ... வீட்டுக்காரர் விஜய்பாண்டியிடம் சொன்னால், "ஒங்க பஞ்சாயத்துல என்னைய இழுக்காத தாயி" என்று சட்டையை மாட்டிக்கொண்டு நழுவுகிறார், கூடப்பிறந்த அண்ணன் வீட்டுப் பில், அவருக்கே இல்லாத கூச்சம் தனக்கு எதற்கு?

வீரபாண்டியில் பஸ் நின்றது, கௌமாரியம்மன் கோயில் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், ஆத்தா, இன்றைக்குச் சண்டைக்குத்தான் போகிறேன், வாயில் கெட்ட சொல் மட்டும் வராமல் பார்த்துக்கொள்... கைப்பையில் நம்பர் மாற்றும் மனு இருக்கிறது, பாண்டியம்மாளின் வீட்டுக்காரர், மூத்தார், கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. பாண்டியம்மாளின் முப்பது குஞ்சுக்கு ராவும் பகலும் குண்டு பல்பு எரிகிறதாம், கேட்டால், "பனி கொட்டுதுல்ல, வெக்கை இல்லாட்டி செத்துப்போகுமேத்தா" என்று சிரிக்கிறாள், அங்கே அவள் வளர்க்கும் கோழிக்குத் தேனியிலிருந்து இவள் வெக்கை கொடுக்கணுமாம், ஒரு முட்டை வந்திருக்குமா? வந்தது, சும்மா சொல்லக்கூடாது, போன மாதம் பிள்ளைக்கென்று பன்னிரண்டு முட்டையைத் தவிட்டில் புதைத்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள், ஒன்றுகூட உடையவில்லை, அதற்காக முட்டையும் இந்தப் பில்லும் ஒன்றாகிவிடுமா?

அன்றைக்குத் திரிஷாவுக்கு யார் பதில் சொன்னது? பாண்டியம்மாள் அக்காதான், கூண்டு முன்னால் குத்தவைத்துக்கொண்டு, "பயமில்ல கண்ணு, குளுரு, நீயும் எட்டாம் மாசத்துலயே அவசரப்பட்டு வந்தவதான, ஒனக்கும் இதே மாதிரிதான் பல்பு கட்டித் தொங்கவிட்டேன்"... பவுனு அப்போது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. ரெண்டு கிலோகூட இல்லாத பிள்ளை, மார்கழிப் பனி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாற்பது நாள் தொட்டிலுக்குப் பக்கத்தில் அந்த பல்பு அணையவே இல்லை, இவள் அசந்து தூங்கும்போது அக்காதான் எழுந்து எழுந்து வந்து பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்... அந்தப் பில் எவ்வளவு வந்திருக்கும்? யார் கட்டியது? அப்போதெல்லாம் அட்டையில்தான் எழுதுவார்கள், அட்டை அக்காவிடம் இருந்தது, இவள் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை, மூத்தார் திராட்சைத் தோட்டத்தில் தினக்கூலி, பில் என்ற பேச்சே இவள் காதுக்கு வரவில்லை, வராததை இவளும் கேட்கவில்லை.

உத்தமபாளையம் தாண்டிவிட்டது. பக்கத்து சீட்டு அம்மாள் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பவுனு கைப்பேசியை எடுத்தாள், பணத்தைக் கட்டினாள், மெசேஜை அழித்தாள். மனுவைக் கிழிக்கவில்லை, அது வேறு, எதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும்தானே, அடுத்த பில்லுக்குக் கேட்கத்தான் போகிறாள்... ஆனால் பிள்ளை பிறந்த அந்த வருஷம் அக்கா மூக்கில் வேப்பங்குச்சி செருகியிருந்தாளே, மூக்குத்தி எங்கக்கா என்று கேட்டதற்கு, "திருகாணி தொலஞ்சுபோச்சுத்தா" என்றாளே, திருகாணி தொலைந்தால், மூக்குத்தி எங்கே போயிற்று?