மகாராணிக்கு அளவெடுத்த கதை

1

இது கதையாக வரவேண்டியதே இல்லை. செல்லப்பிராணிக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "கிரேஹவுண்ட் நாயை நீளமான லீஷ்ல எப்படிப் பத்திரமா கூட்டிட்டுப் போறதுன்னு நாலு பாயிண்ட் எழுதிக் குடுங்க சார். நின்னுக்கிட்டே படிச்சு முடிக்கிற மாதிரி இருக்கணும்."

நாலு பாயிண்டில் நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் ஏன் எழுத்தாளன் ஆகிறேன்? முதல் பாயிண்டை எழுதும்போதே, அதை மீறப்போகிற ஆள் தாளுக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டார். அவர் ஒரு தையல்காரர்.

2

முதல் தொடக்கம்: 'மாலை வெயில் மைதானத்தில் பொன்னாக—' வேண்டாம். அந்தப் பாவத்துக்கு ஏற்கெனவே நிறையப் பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: 'கிரேஹவுண்ட் என்பது பந்தயத்துக்காக வளர்க்கப்படும்—' இது கடைக்காரருக்குப் பிடிக்கும். அதனாலேயே அடித்துவிட்டேன்.

மூன்றாவதில் தையல்காரரின் மனைவி பெட்டியை மூடிக்கொண்டே பேசுகிறாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வெளியூரில் பத்து நாள் பயிற்சி.

"நல்லா கேட்டுக்கோங்க. பத்து மீட்டர் லீஷைக் கழுத்துப் பட்டையில மாட்டவே கூடாது. நாலு பாய்ச்சல்ல முழு வேகத்துக்குப் போயிடுவா. லீஷ் தீர்ற இடத்துல கழுத்து முறிஞ்சிடும். உடம்பைச் சுத்திப் போடுற ஹார்னஸ்ல, முதுகு வளையத்துலதான் மாட்டணும்."

"சரி."

"கையில சுத்திக்காதீங்க. விரல் போயிடும். மடிச்சு மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு, தேவையான அளவு மட்டும் விடுங்க. வேலி போட்ட மைதானத்துக்குத்தான் போகணும். கேட்டைச் சாத்திட்டு..."

"நான் என்ன சின்னக் குழந்தையா?"

"குழந்தைன்னா சொன்னதைக் கேக்குமே."

பந்தயத்தில் கால் அடிபட்டு, இனி உதவாது என்று ஒதுக்கப்பட்ட பெண் நாய் அது. நாலு வருஷமாக அவள்தான் தேற்றி வளர்த்தாள். ஆட்கள் உட்கார வாங்கிய சோபாவில் அது கால் நீட்டிப் படுப்பதைப் பார்த்து, தையல்காரர் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் மகாராணி. (இங்கே 'குழந்தை இல்லாத வீடு' என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். வாசகரை அழவைக்க அதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் உண்மை அதுதான்.)

வாசலில் நின்று அவள் சொன்னாள்: "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் இந்த வீட்டுக்குத் திரும்ப வரமாட்டேன்." அவள் சிரிக்கவில்லை.

3

இரண்டாம் நாளே, வளர்த்தவளைக் காணாத ஏக்கத்தில் மகாராணி ஹார்னஸைக் கடித்துக் குதறிவிட்டது. வேறொருவர் என்றால் புதிதாக வாங்கியிருப்பார். முப்பது வருஷம் ஊருக்கே அளவெடுத்த கை அதற்கு ஒத்துக்கொள்ளுமா?

அளவெடுத்தார். எடுத்த அளவோடு, வழக்கம்போல, இரண்டு அங்குலம் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார். அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போகிறவர்கள். இறுக்கமாகத் தைத்துக் கெட்ட பெயர் வாங்கியதே இல்லை. பழைய ஹார்னஸில் மூன்று பட்டைகள் இருந்தன. கழுத்துக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று.

"ஒடிஞ்சு விழற மாதிரி இடுப்பு. அதுக்கு ஒரு பட்டை கேடா?" என்று மகாராணியிடமே கேட்டு, மூன்றாவதை விட்டுவிட்டார். *

\* கடைக்காரருக்காக: கிரேஹவுண்டின் தலை ஒடுக்கம். பயந்தால் அது முன்னால் இழுக்காது, பின்னால் போகும். அப்போது ஹார்னஸ் தலைவழியே உருவிக்கொள்ளாமல் தடுப்பது அந்த இடுப்புப் பட்டைதான். மனைவி சொன்ன மூன்றோடு இதையும் சேர்த்தால் உங்கள் நாலு பாயிண்டும் வந்துவிட்டது, ஆளை விடுங்கள்.

இதைப் படித்த நண்பர் ஒருவர், "கைதேர்ந்த ஆள் இப்படித் தப்புப் பண்ணுவாரா?" என்று சந்தேகப்பட்டார். கைதேர்ந்த ஆளால்தான் முடியும். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவன் பேசாமல் கடைக்குப் போயிருப்பான்.

4

மைதானம். மற்றதையெல்லாம் மனைவி சொன்னபடியே செய்தார்: லீஷை முதுகு வளையத்தில் மாட்டினார், மடித்துப் பிடித்தார். கேட்டின் தாழ்ப்பாள் மட்டும் துருப்பிடித்து நகரவில்லை. அதுதான் ஹார்னஸ் இருக்கிறதே, நம்ம தையலாச்சே என்று கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டார்.

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு தகரம் விழுந்தது. மகாராணி வெலவெலத்துப் பின்வாங்கியது. அவர் தன் பக்கம் இழுத்தார். குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல ஹார்னஸ் தலைவழியே உருவிக்கொண்டு வந்தது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

இனி முடிவுகள். ஒன்று: மகாராணி ஓடிவந்து அவர் முகத்தை நக்குகிறது. எழுதும்போதே எனக்குக் கூசியது. இரண்டு: திறந்த கேட், சாலை, லாரி. நாயைக் கொன்றால் என்னைத் தீவிர எழுத்தாளன் என்பார்கள். அந்தப் பட்டத்துக்கு ஆசைப்பட்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று: தையல்காரர் திருந்தி—

5

இல்லை. இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை. அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

மகாராணி இன்னும் ஓடவில்லை. இருபது அடி தள்ளி, கேட்டுக்கும் அவருக்கும் நடுவில், உடம்பெல்லாம் நடுங்க நிற்கிறது. அவர் ஓர் அடி வைத்தால் அது ஓர் அடி பின்னால் போகிறது. துரத்திப் பிடிக்க அவரால் ஆகாது, யாராலும் ஆகாது. கூப்பிட்டுப் பார்த்தார். இத்தனை நாளும் நக்கலாகவே கூப்பிட்ட குரலுக்கு அது காதைக்கூட அசைக்கவில்லை.

பையில் போன் அடித்தது. அந்தச் சத்தத்துக்கு மகாராணி இன்னும் இரண்டடி நகர, பதறிப்போய் எடுத்தார். மனைவி.

"டீ குடிக்க விட்டாங்க. என்ன பண்றா அவ?"

அவள் குரலை ஸ்பீக்கரில் போட்டால் மகாராணி வந்துவிடும். வரக்கூடும். அதற்கு அவர் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் நாய் பிழைக்கலாம், மனைவி வராமல் போகலாம். 'நல்லா தூங்குறா' என்று சொன்னால் போன் வைக்கப்படும், கேட் திறந்தே இருக்கும்.

பத்து தடவை எழுதிப் பார்த்தேன். ஐந்தில் பொய் சொன்னார், ஐந்தில் உண்மை சொன்னார். பத்தும் அவர் சொன்னதாக இல்லை, நான் சொன்னதாகவே இருந்தது. எனவே போனை உங்களிடம் தருகிறேன். மகாராணி கேட்டைத் திரும்பிப் பார்க்கிறது.

"என்னங்க, மூச்சு வாங்குது? லைன்ல இருக்கீங்களா? பேசுங்க."