ஆடுகிற வண்டியில் அக்காவின் புருவம்

ஓடுகிற வண்டி ஆடினால் ரோட்டைத் திட்டலாம். நிறுத்தி வைத்த டிரெய்லர் ஆடினால் யாரைத் திட்டுவது? பிரேக்குக்கு இதுதான் ஜீரணமாகவில்லை.

பிரேக்கு என்பது கூட வேலை பார்த்த டிரைவர்கள் அவனுக்கு வைத்த பெயர். சுற்றுலா பஸ் ஓட்டிய காலத்தில் அவன் பிரேக்கை மிதித்தால், பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் முன்சீட்டுக்காரர் மடியில்தான் கண் விழிப்பார். அப்பேர்ப்பட்டவன், மனைவி சொந்தமாகத் தொழில் செய்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, பழைய டிரெய்லர் ஒன்றைப் பிடித்து, உள்ளே பெரிய கண்ணாடியும் சாய்கிற நாற்காலியும் போட்டு, அழகு நிலையமாக்கிக் கொடுத்திருந்தான். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் வண்டி நின்றது. ரோஜா நிறத்தில் பெயின்ட் வேறு. பார்க்கிறவர்கள் ஐஸ்கிரீம் கேட்டு வந்தார்கள், அது தனிக் கதை.

ஆட்டம்தான் பெரிய தலைவலி. உள்ளே ஒருத்தி தும்மினால் அலமாரியில் இருக்கும் புட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசும். போன மாதம் ஒரு டீச்சர், புருவம் திருத்திக்கொண்டிருக்கும்போது கால்மேல் போட்ட காலை மாற்றிப் போட்டார். அவ்வளவுதான். வண்டி குலுங்கி, நூல் போகக் கூடாத இடத்துக்குப் போய், இடது புருவத்தின் அடிப்பகுதி காணாமல் போனது. மிச்சமிருந்தது மேலே ஏறி நின்றுகொண்டது. அதன் பிறகு வகுப்பில் எந்தப் பிள்ளை என்ன பதில் சொன்னாலும் டீச்சர் நம்பாத மாதிரியே பார்க்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. பேச்சு போய்ச் சேர வேண்டிய காதுக்கும் போய்ச் சேர்ந்தது. மனைவியின் அக்கா காதுக்கு.

அக்கா சாமானியப்பட்டவள் இல்லை. கடைத்தெருவிலேயே பெரிய அழகு நிலையம் அவளுடையது. தங்கை கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அங்கேதான் வேலை பார்த்தாள். வேலை என்றால் என்ன, கூந்தல் அலசுவது, கொண்டை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது. மணப்பெண் வந்தால் அக்காதான் நூலைத் தொடுவாள். தங்கை ஏதாவது சொல்ல வாயெடுத்தால், முதல் நாலு வார்த்தைக்குள் அக்கா அடுத்த நாற்காலிக்குப் போயிருப்பாள். அந்தக் கடையிலிருந்து சாயங்காலம் வீட்டுக்கு வருகிற மனைவியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பிரேக்குக்கு வயிறு எரிந்தது. டிரெய்லர் பிறந்தது அந்த வயிற்றெரிச்சலில்தான்.

இப்போது அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். புதன்கிழமை வருகிறேன், என் புருவத்தைத் திருத்திக் காட்டட்டும், சரியாக வந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன், கோணினால் வண்டியைப் பூட்டிவிட்டு மறுநாளே கடைக்கு வந்துவிட வேண்டும். மனைவி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பேசாமல் அக்கா கடைக்கே போய்விடலாமா என்று அவள் கேட்டதும் பிரேக்கு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

உதிரிபாகக் கடைக்காரரிடம் ஓடினான். டிரெய்லருக்கு ஒரு பக்கத்தில் இரண்டு சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் அல்லவா, அந்த இரண்டு டயருக்கும் நடுவே சொருகி இறுக்கும் கவ்வி ஒன்றைக் கடைக்காரர் எடுத்துப் போட்டார். போல்ட்டைத் திருகத் திருக அது விரிந்து இரண்டு டயரையும் அழுத்திப் பிடிக்கும், வண்டி முன்னும் பின்னும் அசையாது. முதலில் மட்டம் பார்த்து நிறுத்து, பிறகு கவ்வியை மாட்டு, கடைசியாக நாலு மூலை ஜாக்கியையும் தரையில் ஊன்று, அது தரையை அழுத்தி நின்றால் போதும், அதை வைத்து வண்டியைத் தூக்காதே என்றார். பிரேக்கு பவ்யமாகத் தலையாட்டினான். கடைசி வார்த்தையை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தூக்காத ஜாக்கி என்ன ஜாக்கி? பஸ்ஸையே தூக்கியவனுக்கு இவர் பாடம் எடுக்கிறாராம்.

புதன்கிழமை அக்கா வந்தாள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்ததே பெரிய மரியாதை. உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். கவ்விகள் நன்றாகத்தான் பிடித்திருந்தன. ஆனாலும் பக்கவாட்டில் லேசாக ஓர் அசைவு இருப்பதை மனைவி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக் காட்டினாள்.

பிரேக்கு கதவுப் பக்கத்துப் பின்மூலை ஜாக்கியில் கைப்பிடியை மாட்டிச் சுற்றினான். தரையை அழுத்தியது. போதாது என்று இன்னும் சுற்றினான். மூலை மேலே எழும்பியது. எங்கேயோ முனகல் சத்தம் கேட்டது, அதையும் மதிக்காமல் ஒரு சுற்று. வண்டி கல்லு மாதிரி நின்றது. பிரேக்குக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த அழகை உள்ளே போய் நேரில் பார்க்கலாம் என்று கதவை இழுத்தான். வரவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தான். அசையவே இல்லை. ஒரு மூலையை மட்டும் தூக்கியதில் வண்டியின் சட்டமே கோணி, கதவு நிலைக்குள் இறுகிப் போயிருந்தது.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜாக்கியை இறக்கினால் கதவு திறக்கும். இறக்கினால் வண்டியும் ஆடும். உள்ளே இரண்டாவது புருவம் நடந்துகொண்டிருக்கிறது.

ஜன்னலுக்குப் போனான். அக்கா கண்ணை மூடி, இரண்டு கையாலும் தன் இமைத்தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். மனைவி நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்தாள். பிரேக்கு கதவைக் காட்டினான், பூட்டுகிற மாதிரி காட்டினான், ஜாக்கியைக் காட்டினான், தன் தலையில் தானே குட்டிக்கொண்டான். அவள் கதவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பொறு என்று கண்ணால் சொல்லிவிட்டுக் குனிந்தாள்.

அவன் ஜாக்கியடியில் போய்க் குந்தினான். எவ்வளவு நேரமோ. கடைசியில் நாற்காலி நிமிரும் சத்தம், கைக்கண்ணாடியை எடுத்து வைக்கும் சத்தம், செருப்புச் சத்தம். கதவு உள்ளிருந்து இரண்டு முறை தடதடத்தது.

"மாப்ள, கதவு சிக்கிக்கிச்சு பாருங்க."

உடனே கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினான். அரைச் சுற்று போயிருக்கும்.

"ஏங்க," என்றது மனைவியின் குரல், ஜன்னலுக்கு வெகு பக்கத்தில். "இப்ப இறக்காதீங்க. நான் அக்காகிட்ட கொஞ்சம் பேசணும்."

பிரேக்கு இறக்கிய அரைச் சுற்றைத் திரும்ப ஏற்றினான்.

அவள் பேசினாள். கொண்டை ஊசி பிடித்து நின்ற காலத்தைச் சொன்னாள். டீச்சர் புருவத்தைக் கெடுத்தது தான்தான் என்றாள். ஊர் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அது வளர்கிறவரை தினமும் காலையில் டீச்சர் வீட்டுக்குப் போய், பள்ளிக்கூடம் கிளம்புமுன் பென்சிலால் வரைந்துவிட்டு வந்ததையும் சொன்னாள். இது பிரேக்குக்கே புதுச் செய்தி. பால் வாங்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்த மண்டு அவன்.

"உன் கடையில நான் ஒரு தப்பும் பண்ணலக்கா. பண்றதுக்கு நீ ஒரு வேலையும் குடுக்கல. இங்க தப்பு பண்ணேன், நானே சரி பண்ணேன். நான் வரமாட்டேன். புருவம் கோணியிருந்தாலும் வரமாட்டேன்."

பாதியில் அக்கா இரண்டு முறை கதவைத் தள்ளிப் பார்த்தது வெளியே கேட்டது. மூன்றாவது முறை தள்ளவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. பிரேக்கு கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியது. இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு சேர்த்துப் பேசி அவன் கேட்டதில்லை, தன்னிடம்கூட.

"முடிச்சிட்டேன். இறக்குங்க."

இறக்கினான். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது, கதவு தானாகவே திறந்துகொண்டது. அக்கா படியில் இறங்கினாள். புருவங்கள் இரண்டும் அச்சு வார்த்த மாதிரி இருந்தன. அதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் கடைக் கதவு என்னைக்கும் திறந்துதானே கெடந்துச்சு. இதையெல்லாம் அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அங்க நீ ஒருநாளும் உக்காந்து கேட்டதில்லையேக்கா."

அக்கா கைப்பையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள். மார்க்கெட் பக்கம் ஒரு பார்வை, மாப்பிள்ளை பக்கம் ஒரு பார்வை. பிறகு படியேறி உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி, உக்காந்துட்டேன். மேலுதட்டு முடியையும் எடுத்து விடு."

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நூல்கண்டிலிருந்து புது இழை இழுத்தாள்.