ஏற்பி இல்லாத செல்கள்

‘214’ என்ற மருந்து திங்கட்கிழமை எலிகளுக்குப் போகிறது. அது முடிவானதிலிருந்து நான்கு நாளாக ஜய்கா தன் பழைய அறிக்கையையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

மூளைச் செல்லின் மேலிருந்து சேதி வாங்கும் ஓர் ஏற்பியைத் தூண்டிவிட்டால், பார்க்கின்சன் நோயில் மெல்லச் சாகும் செல்கள் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும் என்பது ரீகா நகரத்து அந்த ஆய்வகத்தின் நம்பிக்கை. ஏற்பி தூண்டப்பட்டால் ஒளிரும்படி வளர்த்த செல்களில், 214 என்று எண்ணிட்ட மூலக்கூறு பளிச்சென்று ஒளிர்ந்தது. இரண்டு வருடம் அதை அணு அணுவாக மாற்றிச் செய்தவர் குன்வால்டிஸ். அளந்தவள் ஜய்கா. ஏற்பியே இல்லாத செல்களில் அது ஒளிரக் கூடாது; ஆனால் அதை அவள் சோதிக்கவில்லை. அந்த வாரம் அவை சரியாக வளரவில்லை. முந்தைய மூலக்கூறுகள் எல்லாம் அவற்றில் இருட்டாகத்தானே இருந்தன என்று அறிக்கையில் ‘சரி’ என்று குறித்துவிட்டாள்.

இன்று அவளுடைய பெயர் நாள்; நாட்காட்டியில் அவள் பெயருக்கென்று குறித்த அந்த நாளை அங்கே பிறந்தநாள் போலக் கொண்டாடுவார்கள். மாடியில் எல்லாரும் கேக்கோடு காத்திருக்க, அவள் கீழே செல் தட்டை ஒளி அளக்கும் கருவிக்குள் தள்ளினாள்.

“ஏன்டியம்மா, உன் பேர் நாளுக்கு உன்னையே ஆள் விட்டுத் தேடணுமா?” குன்வால்டிஸ் ஐந்து டூலிப் பூக்களோடு வாசலில் நின்றார். “மறுபடி என்ன அளக்கிற?”

“ஏற்பி இல்லாத செல்.”

“அதான் போன மாசமே சரின்னு எழுதினியே.”

“எழுதினேன். போட்டுப் பாக்கலை.”

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “வெண்ணெய் திரள்ற நேரத்துல தாழியைத் தட்டிப் பாக்கறியா?”

“ஓட்டை இருந்தா இப்பவே தெரியட்டும்ணே.”

கருவிக்கு நான்கு நிமிடம் வேண்டும். எதற்குப் பயப்படுகிறோம்? மருந்து பொய்யாகிவிடும் என்றா, தான் பிடிபடுவோம் என்றா? கேட்கும்போதெல்லாம் மனம் வேறு வேறு பதில் சொன்னது.

மருந்தில்லாத வரிசை இருட்டாக இருந்தது. 214 போட்ட வரிசை பளிச்சென்று ஒளிர்ந்தது, முன்பு ஒளிர்ந்த அதே அளவுக்கு.

“செல் ஒளிரலண்ணே. மருந்தே ஒளிருது.”

“அப்ப அது ஏற்பியைத் தொட்டுச்சா இல்லையான்னே தெரியாதா?”

“தெரியாது.”

அவர் முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். “ரெண்டு வருஷமா மின்மினிப்பூச்சி வளத்திருக்கேன்.”

“அந்த ‘சரி’யை எழுதினது நான். மேலே போய் நானே சொல்றேன்.”

அவர் தலை நிமிரவில்லை. அவளுக்கோ நான்கு நாள் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியிருந்தது. அந்த நிம்மதி அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறினாள்.