கரகரப்பு

மருத்துவமனை வாசலில் நிறுத்தியிருந்த வேனில் ஏறியதும் தம்பி வண்டியைக் கிளப்பாமல் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டைப் போட்டான். பின்னால், டெலிவரிக்குப் போகவேண்டிய அலமாரி ஒன்று போர்வை சுற்றிப் படுத்திருந்தது. அக்கா முகத்தைச் சுளித்தாள்.

ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்பவள் அவள். அங்கே அவளுக்கு மைக்கம்மா என்றுதான் பெயர். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கரகரத்துப் போனது. இனி இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சற்று முன்புதான் கையை விரித்திருந்தார். வீட்டிலும் அவள் வாய்விட்டுப் பேசுவதில்லை. சைகை, இல்லையென்றால் போனில் தட்டிக் காட்டுவாள். தொலைந்த பொருள் அறைக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதமா என்று மேலாளர் கேட்டிருந்தார். குடைகளுக்கும் பைகளுக்கும் நடுவே பேசாமல் இருந்துவிடலாம். இன்று பதில் சொல்லியாக வேண்டும். ‘சரின்னு நீயே போன் பண்ணிச் சொல்லிடு’ என்று தட்டித் தம்பியிடம் நீட்டினாள்.

“இந்தப் பாட்டு முடியட்டும்க்கா.”

பாட்டு முடிவதாக இல்லை. மொழி பாதிதான் புரிந்தது. குரல், பழைய ஷட்டரை இழுத்துத் திறப்பதுபோல இருந்தது.

“யாருடா இவன், வாய் கொப்பளிக்கிறான்?”

கேட்ட பிறகுதான் தான் பேசிவிட்டது தெரிந்தது. தம்பி அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“எழுதறதும் அவன்தான், பாடறதும் அவன்தான். அடுத்தது வேற மாதிரி இருக்கும், கேளு.”

வேறு மாதிரிதான் இருந்தது. முதல் பாட்டில் கிடார் சண்டைக்கு வந்தது. இதில் பியானோ மட்டும். அதற்கடுத்ததில் தகர டப்பாவைத் தட்டுவதுபோல டிரம்ஸ். எல்லாவற்றுக்கும் அவன் அதே தொண்டையைத்தான் தூக்கிக்கொண்டு வந்தான். பியானோப் பாட்டில் ஒரு சொல் பாதியில் உடைந்தது. அவளாக இருந்தால் மைக்கை அணைத்து, தண்ணீர் குடித்து, முதலிலிருந்து சொல்லியிருப்பாள். அவன் உடைந்ததை அப்படியே விட்டுவிட்டு மேலே போனான். அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

“இவனுக்கு யாருடா பாட சான்ஸ் குடுத்தா?”

“குடுக்கலன்னாலும் பாடியிருப்பான்க்கா.”

அவள் தானே மேலாளரின் எண்ணை அழுத்தினாள்.

“சார், அந்த ரூமுக்கு நான் போகல.”

“யாரு பேசறது?”

“நான்தான் சார். மைக்கம்மா.”

மேலாளர், “ஜனங்களுக்குப் புரியணுமேம்மா,” என்றார். “எங்க, ஒரு தடவை சொல்லுங்க பாப்போம்.”

தம்பி பாட்டை நிறுத்தினான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொள்ளவில்லை.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு...”

‘கவனத்திற்கு’ இரண்டாக உடைந்தது. அவள் நிற்காமல் நடைமேடை எண்ணுக்குப் போனாள். திறந்த ஜன்னலுக்கு வெளியே, பெட்டியை உருட்டிக்கொண்டு போன ஒருவர் சட்டென்று நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.